பகல் பன்னிரண்டு மணி டின்னர்

மாம்பலம் – மயிலாப்பூர் யுத்த சேவை அதிகாரிகள் சங்கத்தின் வருஷாந்தர டின்னர் பகல் பன்னிரண்டு மணிக்கு நடக்கும். டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடு என்பது சங்கத்தாருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் பனகல் பார்க் பக்கத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற ஒரே கல்யாண மண்டபத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ராமாயண உபன்யாசம். ராமரை வேறு நேரத்துக்கு மாற்ற மண்டபத்துக்காரர் சம்மதிக்கவில்லை. டின்னருக்கு வேறு பெயர் வைக்கச் சங்கத்தார் சம்மதிக்கவில்லை. ஆகவே ஜன்னல்களைச் சாத்தி, யுத்த காலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க வாங்கிய கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, மேஜை நெடுக மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே நுழைகிறவர்கள் ஒருவருக்கொருவர் "குட் ஈவினிங்" சொல்லிக்கொள்வார்கள்.

பீர் முஹம்மதுக்கு இது மூன்றாவது டின்னர். அவர் அதிகாரி அல்ல. மீர்சாகிப்பேட்டையில் தையல்காரர். அதிகாரிகளின் உடுப்புகளை வருஷா வருஷம் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று பிரித்துவிடுகிறவர். முதல் டின்னரில் ஒருவர் எழுந்து நின்றபோது அவருடைய பித்தளைப் பொத்தான் தெறித்து எதிரிலிருந்தவரின் பாயசத்தில் விழுந்துவிட்டது. அதை விசாரிக்க ஒரு கமிட்டி உட்கார்ந்து, 'இனி தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தையல்காரர் ஊசி நூலுடன் ஆஜராக இருக்க வேண்டியது' என்று தீர்மானம் போட்டது. அன்று முதல் பீர் முஹம்மது ஆஜர்.

ஆனால் இந்த 1948-ஆம் வருஷத்து டின்னருக்கு அவர் ஊசி நூலோடு மட்டும் வரவில்லை. சட்டைப் பையில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒரு படிவம் இருந்தது.

அவர் மகன் ஷரீஃப் யுத்தத்தில் டிரைவராகப் போனவன். இடது காலை முழங்காலுக்குக் கீழே பர்மா எல்லையில் விட்டுவிட்டு, கக்கத்தில் ஒரு கட்டையோடு திரும்பினான். நாலு வருஷமாக எழுதி எழுதி, புனாவில் செயற்கைக் கால் பொருத்துகிற ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நாளைக்கு முன்னால்தான் பதில் வந்தது. சனிக்கிழமைக்குள் வந்தால் படுக்கை உண்டு. வரும்போது, காயம் சேவையில் பட்டதுதான் என்று அவனுடைய மேலதிகாரி கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இன்று வியாழக்கிழமை. சாயங்கால பம்பாய் மெயிலை விட்டால் சனிக்கிழமைக்குள் போய்ச் சேர முடியாது. ஷரீஃபும் அவன் தாய் ஜைதூன் பீயும் மதியமே ஒரு ஜட்கா வைத்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலதிகாரி வேறு யாரும் இல்லை, சங்கத் தலைவர் மேஜர் தாண்டவராயன்தான். தியாகராய நகரில் அவர் வீட்டுக்குப் பீர் முஹம்மது நாலு நடை நடந்தார். மேஜர் ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை. படிவத்தை வாங்கிப் பார்க்கவும் இல்லை. உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, பிறகு சொன்னார்:

"பாய், வீட்டில் நான் வெறும் தாண்டவராயன். கையெழுத்துப் போடுகிற மேஜர் சங்கத்தில்தான் இருக்கிறார். சங்க முத்திரை இல்லாமல் போட்டால் அது கையெழுத்து இல்லை, வெறும் மை."

"முத்திரை எங்க சார் கீது?"

"பெட்டியில். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி காரியதரிசியிடம். வருஷத்துக்கு ஒரு தரம், டின்னரில், டோஸ்ட் முடிந்த பிறகு திறப்போம். அன்றைக்குக் கொண்டுவாருங்கள், நிமிஷத்தில் முடிந்துவிடும்."

டோஸ்ட் என்பது இன்னதென்று பீர் முஹம்மதுக்குத் தெரியும். சாப்பாடெல்லாம் ஆன பிறகு தலைவர் மரச் சுத்தியால் மேஜையைத் தட்டுவார். மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் மிகச் சிறிய பதவிக்காரர் எழுந்து, கோப்பையைத் தூக்கி, ஒரு பெயரைச் சொல்வார். எல்லோரும் எழுந்து அந்தப் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். அது ஆகும் வரைக்கும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சுருட்டுப் பற்ற வைக்கக் கூடாது. மேஜைமேல் எந்தக் காகிதமும் வரக் கூடாது. விதி பதினாலு. அந்த விதிப் புத்தகத்தில் நாற்பத்தேழு விதிகள். அவற்றில் முப்பத்தொன்று உட்காருவதைப் பற்றியவை.

மேஜையின் கடைசி நாற்காலியில் லெப்டினன்ட் கபாலி உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிற மெலிந்த மனிதர். அந்த மண்டபத்தில் எதிரியின் முகத்தை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் சொன்னதில்லை. டின்னர் ஆரம்பிக்கு முன் அவருடைய கைப்பொத்தானைத் தைக்கும்போது பீர் முஹம்மது படிவத்தைக் காட்டினார்.

"எல்லாம் செரியா கீதா பாருங்க சார். பக்கத்து வூட்டுக்காரர் நெறைய தபா படிச்சுச் சொன்னார். நமக்குத் தேதி மட்டுந்தான் மனப்பாடம். பதினேழு, மூணு, நாப்பத்துநாலு."

கபாலி நிதானமாகப் படித்தார். "சரியாக இருக்கிறது பாய். இழப்பு விவரமும் கையெழுத்தும் மேஜர் எழுத வேண்டும், அவ்வளவுதான். ரயில் எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு சார்."

"அதற்குள் என்ன, முடிந்துவிடும்" என்றார். ஆனால் அவர் கண் படிவத்திலிருந்த தேதியை விட்டு நகரவில்லை.

டின்னர் தொடங்கியது. மண்டபத்தில் மாமிசம் நுழையக் கூடாது. விதியிலோ சூப்புக்கு அடுத்தது மீன் என்று இருந்தது. சமையற்காரர் கிச்சா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ரசம் சூப்பாகப் போயிற்று. பிறகு வாழைக்காயை மீன் வடிவத்தில் செதுக்கி, கண்ணுக்கு ஒரு மிளகு வைத்து, வறுத்து அனுப்பினார். அதிகாரிகள் மீனுக்கென்று தனியாக வைத்திருந்த கத்தியை எடுத்து, இல்லாத முள்ளை ஜாக்கிரதையாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. பீர் முஹம்மது மீன் வரிசையின்போது சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். கிச்சா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றில் இரண்டு வாளி இறைத்துக் கொடுத்து, விறகுக் கொட்டகையில் ஒரு மூலையைப் பெருக்கிவிட்டு, தன்னுடைய உலர்ந்த வேஷ்டியை விரித்தார்.

"இதுல பண்ணுங்கோ பாய். மடிதான், இன்னும் கட்டிக்கலை. வரச்சே ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்கோ. கார்த்தாலேருந்து நின்னுண்டே இருக்கேளே."

அன்றைய தினத்தில் விதி எதையும் கேட்காமல் நடந்த முதல் காரியம் அது. பீர் முஹம்மது அந்த வேஷ்டியில் நெற்றியை வைத்து, ஒரே ஒரு கையெழுத்தைக் கேட்டுவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்தபோது காரியதரிசி காப்டன் சேஷகோபாலன் ஆண்டறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். சைதாப்பேட்டையில் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் ஆபீஸை நடத்தியவர்.

"ஆறு வருஷம்! பதினோராயிரம் பேரை யுத்தகளத்துக்கு அனுப்பினேன். அனுப்பினவர்களைப் பற்றி ஒரு நாளாவது கவலைப்பட்டு ஆபீஸுக்கு நேரம் கழித்து வந்திருப்பேனா? கிடையாது! ஜப்பான்காரன் சென்னைக்கு வருகிறான் என்று ஊரே காலி பண்ணியபோதும் நான் சைதாப்பேட்டையை விட்டு ஓரடி பின்வாங்கவில்லை!"

கரகோஷம். அடுத்து மேஜர் எழுந்தார். பேசுவதற்காகத் தலைவர் மட்டும் எழுந்திருக்கலாம். அது விதி பதினைந்து. போன இரண்டு வருஷமும் அவர் இங்கிலீஷில் பேசினார். பீர் முஹம்மதுக்கு 'ஜீப்' என்ற வார்த்தை அடிக்கடி வந்தது மட்டும் ஞாபகம். நாடு சுதந்திரமடைந்துவிட்டபடியால் ஒரு பேச்சாவது தமிழில் இருக்கட்டும் என்று இந்த வருஷம் தீர்மானமாகியிருந்தது.

"சகோதர அதிகாரிகளே! மணிப்பூர் ரோடு. நாற்பத்துநாலு, மார்ச் பதினேழு, வெள்ளிக்கிழமை. பசி நேரம். நான் மட்டும் இறங்கி ஒரு மரத்தடியில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். என் ஜீப் முப்பது கஜம் தள்ளி நின்றது. அப்போது வந்தது விமானம். என் கண் முன்னால், சகோதரர்களே, என் கண் முன்னால்..."

அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"ஆயிரத்து இருநூறு மைல்தான் ஓடியிருந்தது. ஒரு நாள் மக்கர் பண்ணியது கிடையாது. முன் ஸீட்டுக்கு நானே நின்று மெத்தை தைத்துப் போடவைத்தேன். ஒரு சக்கரம் மரக்கிளையில் தொங்கியது. இன்னும் அது சுற்றிக்கொண்டிருந்தது..."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். மேஜையில் இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஆனால் ராணுவம் தன்னுடையதைக் கைவிடுமா? இழப்புப் படிவம் ஏழு நகல் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் புது ஜீப் வந்து நின்றது. ஒன்பதே நாள்! கைவிடப்பட்டோம் என்று இந்த தேசத்தில் எவனாவது சொன்னால் அவனிடம் சொல்லுங்கள், தாண்டவராயனின் ஜீப்பைப் பற்றி!"

கரகோஷத்தில் மெழுகுவத்திச் சுடரெல்லாம் ஆடின. பீர் முஹம்மதின் கையில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அவர் பார்க்கவில்லை. பதினேழு, மூணு, நாப்பத்துநாலு. அந்த ஜீப்பில் மெத்தை தைத்த ஸீட்டுக்குப் பக்கத்து ஸீட்டில் அவர் மகன் இருந்தான். ஊர் திரும்பியபோது ஷரீஃப் 'குண்டு விழுந்தது அத்தா' என்று மட்டும் சொன்னான். எங்கே, எப்படி என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரண்டு வருஷமாக இதே நாற்காலிக்குப் பின்னால் நின்று, மகன் கால் போன கதையை, புரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மேஜர் கெட்டவர் அல்ல. அதை நான் சொல்லியாக வேண்டும். தெருநாய்க்குச் சோறு போடாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. படிவத்தில் ஜீப்புக்கு ஒரு இடம் இருந்தது. அதனால் ஜீப் அவர் மனசில் தங்கிவிட்டது. டிரைவருக்கு வேறு இலாகாவில் வேறு படிவம். நல்ல மனிதர்களையும் ஒரு சங்கம் இப்படித்தான் ஆக்கிவிடுகிறது.

மூன்று மணிக்கு மேஜர் சுத்தியால் தட்டினார். டோஸ்ட் நேரம். மதுவிலக்கு வந்துவிட்டதால் கோப்பைகளில் நன்னாரி சர்பத் ஊற்றினார்கள். கபாலி எழுந்திருக்கப் போனார். காப்டன் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுங்கள்! யாருக்கு டோஸ்ட் என்று முடிவாகவில்லை."

போன வருஷம் பாதிப் பேர் ராஜா என்றும் பாதிப் பேர் பாரதம் என்றும் ஒரே சமயத்தில் சொல்லிக் குடித்துவிட்டார்கள். அதற்கு மூன்று பேர் கமிட்டி. கமிட்டி நாலு சிபாரிசுகள் செய்திருந்தது. ஒன்று, ராஜா. இரண்டு, பாரதம். மூன்று, இரண்டுக்கும் தலா ஒரு மடக்கு. நாலு, டில்லிக்கு எழுதியிருக்கிறபடியால் பதில் வரும் வரை காத்திருப்பது.

"பதில் எப்போது வரும்?" என்று யாரோ கேட்டார்.

"அதைக் கேட்டும் எழுதியிருக்கிறது" என்றார் காப்டன்.

மூன்றாவது சிபாரிசில் எந்த மடக்கு முதலில் என்று வாதம் கிளம்பியது. டோஸ்ட் ஆகாததால் யாரும் எழுந்து போகவும் முடியவில்லை. மூன்றரை. நாலு. வேறொரு காப்டன், அவசரத் தேவை ஒன்றை முன்னிட்டு வெளியே போய்வர அனுமதி கேட்டார். விதியில் இடமில்லை என்று அவரை உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பீர் முஹம்மது குனிந்து மேஜரின் காதருகே சொன்னார்: "சார், ரயிலுக்கு நேரமாவுது. ஒரு கையெழுத்துதான் சார்."

"பாய், நான் என்ன செய்யட்டும்? காகிதம் மேஜைக்கு வரக் கூடாதே" என்றார் மேஜர். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

நாலேமுக்காலுக்கு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். முதலில் மெல்ல, பிறகு பலமாக. உபன்யாசத்துக்கு இடம் பிடிக்க வந்த மாம்பலத்து அம்மாள்கள், பாயும் விசிறியுமாக வாசலில் நின்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ளே யாரு? கதவைத் தொறங்கோ! என்ன, மெழுகுவத்தி ஏத்திண்டு என்ன பண்றேள் பட்டப்பகல்ல?"

காப்டன் சேஷகோபாலன் வெளுத்துப்போனார். "நாம் முற்றுகையிடப்பட்டிருக்கிறோம்" என்றார். அவருடைய ராணுவ வாழ்க்கையில் முதல் முற்றுகை அது.

அப்போதுதான் மேஜையின் கடைசியில் நாற்காலி நகரும் சப்தம் கேட்டது. லெப்டினன்ட் கபாலி எழுந்து நின்றிருந்தார். சர்பத் கோப்பை கையில் இருந்தது.

"கனவான்களே," என்றார், வகுப்பில் பையன்களைப் பார்த்துச் சொல்வதுபோல், மெல்ல. "ஜீப்பை ஓட்டியவருக்கு!"

பழக்கம் என்பது புத்தியைவிட வேகமானது. இருபத்தாறு அதிகாரிகளும் தடதடவென்று எழுந்தார்கள். "ஜீப்பை ஓட்டியவருக்கு!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். குடித்தார்கள். பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அனுமதி கேட்ட காப்டன் மட்டும் யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்கு ஓடினார்.

மேஜர் எழுந்த வேகத்தில் அவர் கோட்டு முதுகில் நடுத் தையல் ஒரு சாண் விட்டுப்போயிற்று. உட்கார்ந்தார். பீர் முஹம்மது ஊசியோடு முன்னால் வந்தார். வேலை அதுதானே.

"இது செல்லாது!" என்று காப்டன் கத்தினார். "அப்படி ஒரு பெயர் பட்டியலில் இல்லை. யார் ஓட்டினது? எந்த ஜீப்?"

"மேஜர் ஸாரைத்தான் கேட்க வேண்டும்" என்றார் கபாலி.

எல்லோரும் மேஜரைப் பார்த்தார்கள். அவர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். "டிரைவர்... ஒரு பையன். நன்றாக ஓட்டுவான். வெற்றிலை போட மாட்டான். பேர்... பேர் என்னவோ..."

ஜீப் ஓடிய மைல் கணக்குக்கூட ஞாபகம் இருந்த மனிதர் அப்படியே வாயைத் திறந்தபடி இருந்தார்.

"ஷரீஃப் சார்" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மூன்று வருஷத்தில் அந்த மண்டபத்தில் எல்லோர் காதிலும் விழும்படி அது பேசினது அதுவே முதல் தடவை. "எம் மவன்."

மேஜர் திரும்பப் போனார்.

"ஆடாதீங்க சார். ஊசி கீது" என்றார் பீர் முஹம்மது.

வெளியே கதவு தட்டும் சப்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேஜர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். "காகிதம்" என்றார்.

பீர் முஹம்மது எண்ணெய்க் காகிதத்தோடு கொடுத்துவிட்டு, மறுபடி தையலைப் பிடித்தார். மேஜர் எழுதினார். முன்னால் பேனா ஓடியது. பின்னால் ஊசி ஓடியது. அந்த முதுகு நடுங்குவது பீர் முஹம்மதின் விரலுக்குத்தான் தெரியும். தையல் கோணிவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார். திறந்த முதுகோடு ஒரு மனிதரை நாலு பேர் நடுவே விட்டுவிட்டு ஓட அவருக்கு மனசு வரவில்லை.

"முத்திரை" என்றார் மேஜர்.

காப்டன் சேஷகோபாலன் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். மேஜரைப் பார்த்தார். பிறகு அரைஞாணில் கட்டியிருந்த சாவியை எடுத்துப் பெட்டியின் பூட்டில் போட்டார். "விதி மீறல் என்று குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே திருகினார். சாவி திருப்புகிற கையை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

கதவு திறந்தது. வெயிலும் அம்மாள்களும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். கபாலி வாசலில் சைக்கிளோடு நின்றார். "பின்னால் ஏறுங்கள் பாய்." மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் புறப்படத் தயாராக நின்றது. உடுப்போடு அந்த மெலிந்த மனிதர் ஓடிப் போய் டிக்கெட் வாங்கித் திணித்தார்.

"நீங்க செஞ்ச ஒதவி சார்..."

"நான் என்ன செய்தேன்? ஒரு பேரைக் கேட்டேன். அதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம்" என்றார் கபாலி. ரயில் நகர்ந்தது.

சென்ட்ரலில் மெயில் கிளம்ப ஏழு நிமிஷம் இருந்தது. ஷரீஃப் கட்டையைப் பிடித்தபடி வண்டி வாசலில் நின்றான். ஜைதூன் பீ இறங்கி ஓடி வந்து, "கெடைச்சுதா? கெடைச்சுதா?" என்று புருஷனின் கையைப் பிடித்தாள். பீர் முஹம்மதுக்கு மூச்சு வாங்கியது. பேசாமல் காகிதத்தை மகனிடம் நீட்டினார்.

ஷரீஃபுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். படித்தான். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. 'இழப்பு விவரம்' என்ற இடத்தில் மேஜர் முதலில் 'ஜீப், ஒன்று' என்று எழுதியிருந்தார். ஏழு நகல் எழுதிய கைப்பழக்கம். பிறகு அதைக் குறுக்கே அடித்து, 'கால், இடது, ஒன்று' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் விதிப்படி சின்னதாகக் கையொப்பமும் போட்டிருந்தார்.

அவன் ரொம்ப நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, எதுனா தப்பா கீதா?" என்றார் பீர் முஹம்மது பயந்துபோய். "அது இன்னா, நடுவுல அடிச்சிக் கீது?"

"ஒண்ணுமில்ல அத்தா. கை தவறி எழுதிட்டாரு. அப்பால சரியாப் போட்டிருக்காரு. செல்லும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஜைதூன் பீ.

ஷரீஃப் காகிதத்தை மடித்தான். மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்: "அவருக்கு என்னை ஞாபகம் இருந்துச்சா அத்தா?"

பீர் முஹம்மது பொய் சொல்லிப் பழகாதவர். மேஜர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டது அவர் ஞாபகத்துக்கு வந்தது. அது நிஜந்தானே?

"ஞாபகமா? அந்த நாளப் பத்திப் பேசறப்ப, எல்லார் முன்னாடியும் அழுதுட்டாருடா, மனுசன்."

ஷரீஃப் ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மடித்த காகிதத்தைப் பார்த்தான்.

"ஆமா அத்தா" என்றான். "எழுத்துலயே தெரியுது."

வண்டி ஊதியது. ஜைதூன் பீ அவசரமாக ஏறினாள். பீர் முஹம்மது பிளாட்பாரத்தில் நின்று கையைத் தூக்கியபோதுதான், ஆட்காட்டி விரலில் ஊசி குத்தின ரத்தம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தார். மகன் பார்த்துவிடாமல் அந்தக் கையை மடக்கிக்கொண்டு, மற்றக் கையை ஆட்டினார்.